பதினேழு வயது மேனேஜர்

முதலாளியம்மா வீட்டு மாப்பிள்ளையின் வெள்ளைக் கோட்டை ஒன்பது வருடமாக நான்தான் தேய்க்கிறேன். செத்த மாட்டையும் கோழியையும் நாயையும் அறுத்துப் பார்த்து, என்ன நோயில் செத்தது என்று சொல்கிற டாக்டர் அவர். ஆனால் அந்தக் கோட்டில் ஒரு சொட்டு ரத்தத்தை நான் பார்த்ததில்லை. பாக்கெட்டில் பேனா மை கசிந்திருக்கும். அவ்வளவுதான்.

எங்கள் சலவைக் கடைக்குக் கால்நடை ஆராய்ச்சி நிலையத்தின் கோட்டுகள் வாரா வாரம் மூட்டையாக வரும். கோட்டைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடலாம். நிலையத் தலைவரின் கோட்டில் டீக்கறை, அதுவும் இடது கை ஓரத்தில் மட்டும். தடித்த மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு டாக்டரம்மா உண்டு. நாங்கள் வைத்த பெயர் கண்ணாடி. அவர் கோட்டை மட்டும் தனியாக எடுத்து முந்தின நாளே பச்சைத்தண்ணீரில் ஊறப்போட வேண்டும். ரத்தத்தில் வெந்நீர் பட்டால் கறை துணியோடு குடித்தனம் நடத்த ஆரம்பித்துவிடும்.

"இது வேலை செய்யறவ கோட்டு" என்பார் அக்கா. மாப்பிள்ளையின் கோட்டை எடுக்கும்போது ஒன்றும் சொல்லமாட்டார். காலரை இரண்டு விரலால் தூக்கி என் மேசையில் போடுவார்.

அக்காதான் கடைக்கு முதலாளி. வயது அறுபத்து நாலு. புருஷன் போனபிறகு பாய்லரையும் கடையையும் ஒற்றை ஆளாக ஓட்டியவர். எனக்கு ஐம்பத்திரண்டு வயது, ஆனாலும் அவருக்கு நான் தம்பிதான். அக்காவுக்கு ஒரே மகள். அவள்தான் கல்லாவில் உட்கார்ந்து துணிக்கு அடையாளச் சீட்டு எழுதுவாள். கல்யாணமான புதிதில் மாப்பிள்ளை ஒரு பெட்டியோடு வந்து, "ரெண்டு மாசம்தான் அத்தை, வீடு கிடைச்சதும் போயிடுவோம்" என்றார். ஒன்பது வருடம் ஆகிறது. வீடு இன்னும் கிடைக்கவில்லை. கடைக்கு மேலே இருக்கும் ஓர் அறையில் இருவரும் இருந்தார்கள். கீழே பாய்லர் மூச்சுவிட மூச்சுவிட அந்த அறையின் சுவர் வியர்க்கும். மகளின் புடவைகளில் ஒரு மூலையாவது பூஞ்சை பிடிக்காமல் இருந்ததில்லை.

வீட்டில் இன்னொரு ஆள் மேனேஜர். பழுப்பு நிறப் பெட்டை நாய். பதினேழு வருடத்துக்கு முன்னால் ஒரு மழையில் குட்டியாகக் கடைக்குள் வந்து, தேய்த்து வைத்த ஓட்டல் மேசைவிரிப்புகளின் மேல் படுத்துத் தூங்கியது. அன்றைக்கு மேசைவிரிப்புகளைத்தான் மறுபடி துவைத்தோம். நாயை யாரும் எழுப்பவில்லை. சீட்டு இல்லாமல் துணி கேட்டு வருகிறவர்களைப் பார்த்து உறுமும். அதனால் அந்தப் பெயர்.

நிலையத்துக்கு எங்கிருந்தோ பெரிய நிதி வந்தது. நோயைக் கண்டுபிடிக்கத் தெரிந்த கால்நடை டாக்டர்களுக்கு மூப்பைப் படிக்கத் தெரியவில்லையாம். எட்டுப் பேரைப் பொறுக்கி, வயதாவது பற்றி ஆராய்ச்சி செய்ய இரண்டு வருடம் பயிற்சி. மாப்பிள்ளையும் கண்ணாடியும் அந்த எட்டில் இருந்தார்கள்.

செவ்வாய்க்கிழமை தோறும் நானும் அக்காவும் தள்ளுவண்டியில் கோட்டுகளைக் கொண்டுபோவோம். வகுப்பறைக் கதவு திறந்தே கிடக்கும். துணியை எண்ணி அடுக்குகிற நேரத்தில் பாதிப் பயிற்சி எனக்கும் ஆகிவிட்டது.

"இளசு ஒரு நோயில சாகும். கிழடு பத்து நோயோட வாழும். உங்க வேலை, அந்தப் பத்தையும் எழுதறது" என்பார் தலைவர். சொல்லிவிட்டுச் சிரிப்பதற்கு இடம் விடுவார். எட்டுப் பேரும் சிரிப்பார்கள். மாப்பிள்ளை முதலில் தொடங்கிக் கடைசியில் முடிப்பார்.

நூற்றுக்கணக்கான எலிகளைக் கிழமாகும்வரை வளர்த்தார்கள். செத்ததும் அறுத்து, ஒவ்வொரு உறுப்பையும் ஸ்லைடு போட்டு, எவ்வளவு கெட்டிருக்கிறது என்று பூஜ்யத்திலிருந்து நாலுவரை மார்க். எந்த எலி மருந்து தின்றது, எது தின்னவில்லை என்று மார்க் போடுகிறவருக்குச் சொல்லமாட்டார்கள். சாவுக்குக் காரணம் 'முதுமை' என்று மட்டும் எழுதக்கூடாது. எழுதினால் தலைவர் தாளைத் தூக்கி எறிவாராம். கண்ணாடி எலி அறையிலேயே கிடந்தார். மாப்பிள்ளை தலைவரின் அறையில் கிடந்தார்.

கடைசி ஆறு மாதத்துக்கு ஒரு தனி வேலை கொடுத்தார்கள். வீட்டில் வளர்ந்த ஒரு கிழட்டு மிருகத்தை எடுத்துக்கொள்ள வேண்டும். உயிரோடு இருக்கும்போது வாரா வாரம் அளக்க வேண்டும். செத்தபிறகு அறுத்துப் பார்த்து, அளந்ததையும் அறுத்ததையும் ஒன்று சேர்த்து எல்லார் முன்னாலும் காட்ட வேண்டும். நன்றாகச் செய்கிறவருக்குப் புதுப் பிரிவின் தலைமைப் பதவி. கூடவே நிலையத்துக்குள் குடியிருப்பு: மூன்று அறை, ஜன்னலைத் திறந்தால் மரம்.

அன்று சாயங்காலமே மாப்பிள்ளை கல்லாவுக்கு அடியில் குனிந்தார்.

"அத்தை, இனிமே மேனேஜரை நான் கொஞ்சம் கவனிச்சுக்கறேன்."

"எதுக்கு?"

"வயசாயிடுச்சில்ல. பாவம்."

அக்கா நூல் பிரிக்கிற ஊசியைக் கீழே வைத்தார். "ஒம்பது வருஷமா இங்கதான் இருக்கு மாப்பிள்ளை. இன்னிக்கித்தான் கண்ணுல பட்டுச்சா?"

மறுநாள் முதல் அளவு தொடங்கியது. எடை. நடை: இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்கு எத்தனை விநாடி. காலில் ரோமத்தை மழித்து ரத்தம். நாடாவை எடுத்து மேனேஜரின் நெஞ்சைச் சுற்றும்போது அக்கா சொன்னார்:

"அளவெடுக்கறது தையல்காரனும் பண்றான், சவப்பெட்டி செய்யறவனும் பண்றான். நீங்க யாரு மாப்பிள்ளை?"

"ஆராய்ச்சிக்காக அத்தை."

"அப்ப ரெண்டாவது ஆளுதான்."

ஆனாலும் அவர் தடுக்கவில்லை. ஏனென்றால், சும்மா கூப்பிட்டால் மேனேஜர் தராசில் ஏறாது. அவித்த முட்டை கொடுக்க வேண்டியிருந்தது. நடக்க வைக்கக் கோழி ஈரல். ரத்தம் எடுத்த அன்றைக்கு சூப். இரண்டே மாதத்தில் மேனேஜரின் முதுகெலும்பு சதைக்குள் மறைந்தது. வாலில் முடி அடர்ந்தது. காலையில் மாப்பிள்ளை படியிறங்கும் சத்தம் கேட்டாலே தானாகப் போய்த் தராசில் உட்கார்ந்துகொண்டது. சாகட்டும் என்று பார்த்துப் பார்த்து வளர்த்தவர் இந்த உலகத்தில் அவர் ஒருவராகத்தான் இருக்கும்.

மற்றவர்களின் கிழங்கள் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருந்தன. கண்ணாடி எடுத்துக்கொண்டது ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவரின் பதினெட்டு வயதுப் பூனை. அது மூன்றாம் மாதமே போய்விட்டது. அன்று கண்ணாடி தபால்காரரோடு வராந்தாவில் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன். அப்புறம்தான் உள்ளே போனார்.

ஆறாம் மாதம் பாதியில் மழை பிடித்தது. துணி காயவில்லை, கடை முழுக்க ஈர வாடை. அந்த வாரம் மேனேஜர் திடீரென்று முட்டையை மோந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. பாய்லருக்குப் பின்னால் போய்ச் சுருண்டது. கூப்பிட்டால் கண்ணை மட்டும் திறந்தது.

"என்னவோ பண்ணுது மாப்பிள்ளை. பாருங்க" என்றார் அக்கா.

மாப்பிள்ளை பார்த்தார். ஐந்து மாதத்தில் அவர் முகம் அவ்வளவு தெளிவாக இருந்து நான் பார்த்ததில்லை. "வயசு அத்தை. இனிமே இப்படித்தான்" என்று சொல்லி நோட்டில் எழுதிக்கொண்டார்.

அடுத்து நடந்ததை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். என் மேசை மாடிப்படிக்குக் கீழே இருக்கிறது. மேலே பேசுவது விழும்.

"இன்னும் பன்னெண்டு நாள்தான் இருக்கு. ஸ்லைடு போடவே ஒரு வாரம் ஆகும்" என்றார் மாப்பிள்ளை. "அது கஷ்டப்படுதும்மா. ஒரு ஊசி. வலியே தெரியாது. நாமளே செய்யற புண்ணியம்னு வெச்சுக்கோ."

"அம்மா ஒத்துக்கமாட்டாங்க."

"உங்கம்மாகிட்ட யாரு கேக்கறா? ஃபாரத்துல நாய் வளர்க்கறவங்க கையெழுத்துன்னுதான் இருக்கு. நீயும்தானே வளர்க்கறே?"

மகள் எழுந்து நடக்கும் சத்தம் கேட்டது. பிறகு, "அந்த வீட்டுல ஜன்னல் எந்தப் பக்கம்?" என்று கேட்டாள்.

"கிழக்கு."

பேனா மூடி திறக்கும் சத்தம் கேட்டது. நான் ஒரு சட்டைக் காலரைத் தேய்த்துக்கொண்டிருந்தேன், அதையே தேய்த்துக்கொண்டிருந்தேன். கீழே இறங்கி வந்த மகள் என்னைப் பார்த்தாள், நான் காலரைப் பார்த்தேன். அக்காவிடம் சொல்ல எனக்கு இரண்டு நாள் இருந்தது. சொல்லவில்லை. குடும்ப விஷயத்தில் நமக்கென்ன என்று நினைத்தேன். மாப்பிள்ளையைக் காறித் துப்பத் தோன்றும்போதெல்லாம் அந்த இரண்டு நாளும் ஞாபகத்துக்கு வந்து, துப்பியதில் பாதி என் மேலேயே விழுகிறது.

செவ்வாய்க்கிழமை. பிளாஸ்டிக் விரிப்பால் கோட்டுகளை மூடிக்கொண்டு நானும் அக்காவும் வண்டியைத் தள்ளினோம். ஓட்டல், முடிதிருத்தகம், பிறகு நிலையம். பின்வாசல் வழியாக உள்ளே போனால், அறுவை அறைக்கு முன்னால் தராசுக்குப் பக்கத்தில் மேனேஜர் படுத்திருந்தது. கழுத்தில் புதுக் கயிறு. மாப்பிள்ளை கையுறை போட்டுக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் ஒரு கையில் போட்டதோடு நிறுத்திவிட்டார்.

"அத்தை... ஸ்கேன் எடுக்கலாம்னு..."

அங்கே ஒரு விதி உண்டு. உயிரோடிருக்கும் மிருகத்துக்கு ஊசி போடுமுன் இன்னொரு டாக்டரும் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். அன்றைக்கு முறை கண்ணாடியுடையது. அவர் எலி அறையிலிருந்து நேராக வந்தார். தாளை வாங்கவே இல்லை. தரையில் மண்டியிட்டு மேனேஜரின் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். காது, கண், கழுத்து என்று தடவி வந்து, உதட்டைத் தூக்கினார். மேனேஜர் 'கீச்'சென்றது. அந்த வாடை நான் நின்ற இடம்வரை அடித்தது.

"டார்ச் குடுங்க" என்றார் என்னிடம். மேல்தாடையில், பின்னால், ஒரு பல். அதன் ஈறு சின்ன எலுமிச்சை அளவுக்கு வீங்கிச் சீழ் கட்டியிருந்தது.

"வாரா வாரம் அளந்தீங்களே டாக்டர். வாயைத் தொறந்து பார்க்கலையா?"

"வயசான நாய்க்கு அதெல்லாம் இருக்கறதுதான். ஃபாரத்துல வாய்க்குத் தனியா கட்டம் கிடையாது" என்றார் மாப்பிள்ளை.

"இதுக்கு ஊசி வேணாம். குறடு போதும்" என்றார் கண்ணாடி.

சத்தம் கேட்டுத் தலைவர் எட்டிப் பார்த்தார். "ஃபாரம் சரியா இருக்கில்ல? அப்புறம் என்ன பிரச்சினை?" என்றார். அவர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை; கையில் டீ ஆறிக்கொண்டிருந்தது.

அக்கா அப்போதுதான் மேசைமேல் கிடந்த தாளை எடுத்தார். படித்தார். கடைசி வரியில் மகளின் கையெழுத்து. மடித்து மாப்பிள்ளையின் கோட்டுப் பாக்கெட்டில் அவரே செருகினார்.

"பத்திரமா வெச்சுக்குங்க மாப்பிள்ளை. பள்ளிக்கூடத்துல பரிசு வாங்கின கையெழுத்து அது."

பக்கத்துக் கட்டடத்தில் இருந்த சிகிச்சைப் பிரிவில் பல்லைப் பிடுங்கினார்கள். கண்ணாடி கூடவே நின்று தலையைப் பிடித்துக்கொண்டார். "உசுரோட இருக்கற நாய் வாயைத் தொட்டுப் பன்னெண்டு வருஷம் ஆச்சும்மா. கடிச்சிடுமோன்னு பயமா இருந்துச்சு" என்று அக்காவிடம் சொன்னார். மழை விடவில்லை. மேனேஜரைத் தள்ளுவண்டியில் படுக்கவைத்து, பிளாஸ்டிக் விரிப்பை அதன்மேல் கூடாரமாகக் கட்டி, நாங்கள் நனைந்துகொண்டு வந்தோம்.

கடையில் மகள் கல்லாவை விட்டு எழுந்து நின்றாள். வண்டியைப் பார்த்ததும் அழ ஆரம்பித்தாள்.

"அவர்தான் கேட்டார்ம்மா."

"அவர் கேட்டதுக்கு எனக்குக் கோபமே இல்லடி. பூனைன்னா பாலைக் கேக்கத்தான் செய்யும். பாத்திரத்தைத் தொறந்து வெச்சது யாரு?"

"உனக்கு என்னம்மா தெரியும், அந்த ரூம்ல இருக்கறது. ஒம்பது வருஷம். தலையணைகூட ஈரமா இருக்கும். ஒரு நாளாவது ஏன்டி இருமறேன்னு கேட்டிருக்கியா? நாய் சாப்பிடலைன்னா கேக்கறே."

அக்கா ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தவர் நிறுத்தினார். அப்புறம், "அதுக்கு என்னைக் கொன்னிருக்கணும். இது என்ன பண்ணுச்சு?" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

ஐந்தாவது நாள் மேனேஜர் ரொட்டியைப் பாலில் ஊறவைத்துத் தின்றது. எட்டாவது நாள் அந்தச் சுவருக்கும் இந்தச் சுவருக்கும் ஓடியது. மாப்பிள்ளை மாடிப்படியில் நின்று அதைப் பார்த்தார். கையில் நோட்டு இருந்தது. மனிதனுக்கு வெட்கம் வரும் என்று நான் நினைத்தேன். அவருக்கு யோசனைதான் வந்தது.

பத்தாவது நாள், எல்லார் முன்னாலும், படம் போட்டுக் காட்டினாராம்: 'முதுமை என்று நாம் நினைப்பதில் எவ்வளவு உண்மையில் முதுமை?' பல்லைப் பிடுங்குமுன் நடை இத்தனை விநாடி, பிடுங்கியபின் இத்தனை. கிழட்டு நாயின் வாயைப் பார்க்க வேண்டும் என்பதைத் தானே கண்டுபிடித்ததாகச் சொன்னார். கைதட்டலாம். தலைவர் எழுந்து நின்று, "இதுதான் பார்வை" என்றாராம். பூனையின் நாற்பது ஸ்லைடுகளையும் வரிசையாகப் படித்துக்காட்டிய கண்ணாடியிடம், "உழைப்பு தெரியுது, பார்வை பத்தலை" என்றாராம். இதை எங்களுக்குச் சொன்னது கண்ணாடிதான். சிரித்துக்கொண்டே சொன்னார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கழற்றித் துடைத்தார்.

பதவி மாப்பிள்ளைக்கு. வீடும். கண்ணாடிக்கு எலி அறையில் தற்காலிக வேலை நீடித்தது.

மகள் போகிற அன்று, "போயிட்டு வரேம்மா" என்றாள்.

"சரி" என்றார் அக்கா. துணியைப் பிழிந்துகொண்டிருந்தார், நிறுத்தவில்லை. மகள் வாசலில் கொஞ்ச நேரம் நின்றாள். மேனேஜர்தான் எழுந்துபோய் அவள் காலை மோந்து, வாலை ஆட்டிவிட்டு வந்தது. அதற்கு என்ன தெரியும்.

நாலு மாதம் கழித்து, வெயில் காய்ந்த ஒரு மத்தியானம், அரை முட்டையைத் தின்றுவிட்டுக் கல்லாவுக்கு அடியில் படுத்த மேனேஜர் எழுந்திருக்கவில்லை. அக்கா தொட்டுப் பார்த்தார். அழவில்லை. அலமாரியிலிருந்து சலவை செய்த படுக்கைவிரிப்பு ஒன்றை எடுத்துச் சுற்றினார்.

"தம்பி, வண்டியை எடு. அந்த டாக்டரம்மாகிட்டப் போகணும்."

"எதுக்குக்கா? பின்னாடி தோட்டத்துலயே..."

"ஆறு மாசம் அளந்தான் ஒருத்தன். என்ன இருந்துச்சுன்னு ஒருத்தருக்காவது தெரியட்டும்."

வண்டியை எடுக்குமுன் மகளுக்கு நான் போன் செய்தேன். இந்தத் தடவை வாயை மூடிக்கொண்டிருக்கவில்லை.

கண்ணாடி அறுத்தார். அக்கா மேசைக்கு எதிரே நின்றார். உட்காரச் சொன்னதற்குத் தலையாட்டிவிட்டார். பாதியில் மகள் வந்து கதவருகே நின்றாள். கண்ணாடி ஒவ்வொன்றாக எடுத்து, பார்த்து, சொல்லிக்கொண்டே போனார்: சிறுநீரகம் இரண்டும் சுருங்கியிருக்கிறது. இதயத்தில் ஒரு வால்வு தடித்திருக்கிறது. மண்ணீரலில் கட்டி, எலுமிச்சையைவிடப் பெரிது. ஈரலில் முடிச்சுகள். முதுகெலும்பில் மூன்று இடத்தில் எலும்பு பாலம் கட்டியிருக்கிறது. பதினொன்று வரை எண்ணினேன்.

"இதுல எதும்மா கொன்னுச்சு?" என்றார் அக்கா.

கண்ணாடி கத்தியை வைத்தார். "சொல்லத் தெரியலம்மா. ஃபாரத்துல ஒண்ணு எழுதியாகணும், எழுதுவேன். ஆனா இவ்வளவும் வெச்சுக்கிட்டு நேத்துவரைக்கும் எப்படி வாலாட்டுச்சு? அதுதான் எனக்குப் புரியல. படிக்கறதுன்னா அதைத்தான் படிக்கணும்."

தெரியாது என்று ஒரு டாக்டர் சொல்லி அக்கா கேட்டது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். "அப்ப நீயே வெச்சுப் படி" என்றார். எடுத்த துண்டுகளும் ஸ்லைடுகளும் இந்த டாக்டருக்கு மட்டும், வேறு யாருக்கும் கிடையாது என்று எழுதச் சொல்லி, அக்கா கையெழுத்துப் போட்டார்.

திரும்பும்போது மகள் வண்டியின் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டாள். யாரும் கூப்பிடவில்லை, யாரும் வேண்டாமென்றும் சொல்லவில்லை. தோட்டத்தில் புதைத்தோம். அவள் மண் தள்ளினாள். ராத்திரி போகவில்லை. மறுநாளும் போகவில்லை. கல்லாவில் உட்கார்ந்து சீட்டு எழுதினாள். இருமினாள். அக்கா ஒன்றும் கேட்காமல், மாடி அறையிலிருந்த அவள் படுக்கையைக் கீழே, தன் அறைக்குக் கொண்டுவந்து போட்டார்.

மூன்றாம் நாள் காலை மாப்பிள்ளை வந்தார். புதுச் செருப்பு. கல்லாவுக்கு முன்னால் வாடிக்கையாளர் நிற்கிற இடத்தில் நின்றார்.

"அத்தை, ஒரு சின்னத் தப்பு நடந்திருக்கு. மேனேஜர் ஸ்லைடு எல்லாம் அந்தம்மா பேருக்குப் போயிடுச்சு. உசுரோட இருந்தப்ப அளந்தது பூரா என்கிட்ட இருக்கு. ரெண்டும் சேர்ந்தாத்தான் அது முழுசு. இந்தத் தாள்ல ஒரு கையெழுத்து..."

அக்கா துணியை உதறிக்கொண்டிருந்தார். மகள்தான் நிமிர்ந்தாள்.

"நான் மூணு நாளா வீட்டுக்கு வரல. ஏன் வரலைன்னு கேக்க வந்தீங்களோன்னு நினைச்சேன்."

மாப்பிள்ளை தாளைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"அதுவும்தான்" என்றார்.

மகள் சிரித்தாள். அந்தக் கடையில் அவள் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை. பாய்லர் சத்தத்தை மீறிக்கொண்டு கேட்டது. சிரித்துக்கொண்டே, அவர் கையிலிருந்த தாளை வாங்கி, படிக்காமல், திரும்ப அவர் கையிலேயே வைத்தாள்.

"ஏய்" என்றார் அக்கா மகளிடம், துணியிலிருந்து கண்ணை எடுக்காமல். "மாப்பிள்ளைக்கு ஒரு டீ போட்டுக் குடு. குடிச்சிட்டுக் கெளம்பட்டும்."

அவள் போட்டுக் கொண்டுவந்தாள். வேறு யாராக இருந்தாலும் அந்த டீயைத் தொட்டிருக்கமாட்டான். மாப்பிள்ளை நின்றபடியே குடித்தார், நிதானமாக, கடைசிச் சொட்டுவரை. டம்ளரைக் கல்லாமேல் வைத்தார்.

"சர்க்கரை கொஞ்சம் கம்மி" என்றார்.